ஆட்கள் வந்தால்தான் படைப்பு: இணையக் கலைக்கு ஓர் எளிய அறிமுகம்

1994 ஆகஸ்ட் 5, வெள்ளிக்கிழமை. லண்டனில் கிங்ஸ் கிராஸ் ரயில் நிலையம். நிலையத்திலும் அதை ஒட்டியும் இருந்த பொதுத் தொலைபேசிகள் அடிக்க ஆரம்பித்தன. பொதுத் தொலைபேசி என்பது நாம் காசு போட்டு யாரையாவது கூப்பிடுவதற்கு இருப்பது. அது தானாக அடித்தால் எடுக்கலாமா, கூடாதா என்று பக்கத்தில் நிற்பவருக்குக் குழப்பமாகத்தான் இருக்கும். எடுத்தவர்களுக்கு மறுமுனையில் முன்பின் தெரியாத ஒரு குரல். பேச வேண்டும் என்பதைத் தவிர அந்தக் குரலுக்கு வேறு வேலை இல்லை.

இதற்குப் பின்னால் இருந்தவர் ஹீத் பன்டிங் என்ற பிரிட்டிஷ் கலைஞர். அந்த 36 தொலைபேசிகளின் எண்களையும் அவர் முன்கூட்டியே இணையத்தில் போட்டிருந்தார். கூடவே ஒரு குறிப்பு. கூப்பிட்டுக் கொஞ்ச நேரம் அடிக்கவிட்டு வைத்துவிடலாம், ஏதாவது ஒரு வரிசை வைத்து மாற்றி மாற்றி அடிக்கலாம், எடுப்பவரோடு பேசலாம், நேரில் வந்து நின்று வேடிக்கை பார்க்கலாம், இல்லை, வேறு ஏதாவது செய்யலாம். சாப்பிட எதுவும் தரப்படாது, கட்டுச்சோறு கொண்டுவரவும் என்றும் எழுதியிருந்தார்.

இதில் கலைப்படைப்பு எங்கே இருக்கிறது? எண்களை அச்சடித்துச் சட்டம் போட்டு மாட்டினால் அது வெறும் பட்டியல். மணி அடித்ததும், ஒருவர் தயங்கித் தயங்கி எடுத்ததும், இரண்டு பேர் பேசிக்கொண்டதும்தான் படைப்பு. பன்டிங் செய்தது ஓர் ஏற்பாடு. மிச்சத்தை முகம் தெரியாதவர்கள் செய்தார்கள். இணையத்தில் மக்கள் கூடுவதையும் பேசுவதையும் கொடுத்து வாங்குவதையும் பற்றிய கலையை அணுக இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் போதும்: விதியைக் கலைஞர் வைக்கிறார், வந்தவர்கள் அதை வைத்து என்ன செய்கிறார்களோ அதுவே படைப்பாகிறது.

முதலில் ஒரு குழப்பம்

ஓவியத்தைப் படம் எடுத்து இன்ஸ்டாகிராமில் போட்டால் அது இணையக் கலை ஆகிவிடாது. இணையம் நின்றுபோனாலும் ஓவியம் சுவரில் இருக்கும். இணையம் இல்லாவிட்டால் இருக்கவே முடியாத படைப்பைத்தான் இணையக் கலை என்கிறோம். 1990-களின் நடுவில் ஐரோப்பியக் கலைஞர்களிடையே நெட் ஆர்ட் என்ற பெயர் புழங்கத் தொடங்கியது. அதற்குள் பல கிளைகள் உண்டு. நான் இங்கே எடுத்துக்கொள்வது ஒரே ஒரு கிளை, ஆட்களை வைத்துச் செய்வது. எனக்கு மிகவும் பிடித்த கிளையும் அதுதான்.

நமக்கு இது அவ்வளவு புதிதும் இல்லை. வேனில் ஊருக்குப் போகும்போது விளையாடும் பாட்டுக்குப் பாட்டில், முடிந்த எழுத்தில் அடுத்தவர் தொடங்க வேண்டும் என்பது மட்டுமே விதி. யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள், யாருக்கு எந்தப் பாட்டு ஞாபகத்துக்கு வருகிறது என்பதைப் பொறுத்து ஒவ்வொரு தடவையும் அது வேறு மாதிரி போகும். விதியை மட்டும் தாளில் எழுதி வைத்தால் விளையாட்டு நடக்காது. வேனில் பத்துப் பேராவது ஏற வேண்டும்.

இணையம் பரவுவதற்கு முன்பே இதற்கு ஒரு முன்னோடி இருக்கிறது, அதைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. 1980 நவம்பரில் கிட் காலோவே, ஷெரி ரபினோவிட்ஸ் என்ற இரண்டு கலைஞர்கள் நியூயார்க்கின் லிங்கன் சென்டரிலும் லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு பெரிய கடையின் முகப்பிலும் திரைகளை நிறுத்தி, செயற்கைக்கோள் வழியாக இரண்டையும் இணைத்தார்கள். அந்த ஊர்த் தெருவில் நிற்பவர்கள் இந்த ஊர்த் திரையில் ஆளுயரத்தில் தெரிந்தார்கள். பேச்சும் கேட்டது. இது என்ன, யார் வைத்தது என்று ஓர் அறிவிப்புப் பலகைகூடக் கிடையாது. முதல் நாள் மாலை தற்செயலாக அந்தப் பக்கம் போனவர்கள் அசந்து நின்றார்கள். அடுத்த மாலைக்குள் வாய்வழியாகச் செய்தி பரவிவிட்டது. மூன்றாவது, கடைசி மாலையில் குடும்பங்கள் நேரம் குறித்து வைத்துக்கொண்டு இரண்டு பக்கமும் வந்து நின்றன. 20 வருடத்துக்கும் மேலாக ஒருவரை ஒருவர் பார்க்காதவர்களும் அதில் இருந்தார்கள். திரையில் நம் உருவம் நமக்குத் தெரியாது, எதிரில் இருப்பவர் மட்டுமே தெரிவார். இன்றைய வீடியோ காலில் ஓரத்தில் தெரியும் நம் முகத்தையே நாம் எத்தனை தடவை பார்த்துக்கொள்கிறோம் என்பதை வைத்துப் பார்த்தால், அந்த ஒரு முடிவு எவ்வளவு பெரியது என்று புரியும்.

முற்றுப்புள்ளி வைக்கக் கூடாது

பன்டிங் தொலைபேசிகளை அடிக்கவைத்த அதே 1994-ல், டக்ளஸ் டேவிஸ் என்ற அமெரிக்கக் கலைஞர் ஒரு வாக்கியத்தைத் தொடங்கினார். அதன் பெயர் 'உலகின் முதல் கூட்டு வாக்கியம்'. நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் இருக்கும் லேமன் கல்லூரிக் கலைக்கூடத்துக்காகச் செய்தது. யார் வேண்டுமானாலும் வந்து தன் பங்குக்கு எழுதிச் சேர்க்கலாம். ஒரே ஒரு தடைதான், முற்றுப்புள்ளி வைக்கக் கூடாது.

ஒரு பத்தியில் ஒருவர் மனம்விட்டு எழுதியிருப்பார், அடுத்தவர் வெறுமனே கிறுக்கிவிட்டுப் போயிருப்பார், அதற்கு அடுத்தவர் வேற்று மொழியில் தொடர்ந்திருப்பார். 2000-க்குள் பங்களிப்புகள் 2 லட்சத்தைத் தாண்டின. இலக்கியமாகப் படித்தால் இதில் பெரும்பகுதி தேறாது, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் இணையம் என்றால் என்னவென்று யாருக்கும் சரியாகத் தெரியாத நாளில், ஒரு வெற்றுப் பெட்டியையும் ஒரு விதியையும் கொடுத்தபோது மனிதர்கள் முதலில் என்ன தட்டினார்கள் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரிந்து இல்லை.

இதன் உறவுக்காரன் ஒன்று 2017-ல் வந்தது. மக்கள் கூடி விவாதிக்கும் ரெடிட் தளம் ஏப்ரல் 1 அன்று திறந்துவைத்த 'பிளேஸ்'. அதை உருவாக்கிய ஜோஷ் வார்டில்தான் பிறகு வேர்டில் என்ற சொல் விளையாட்டையும் செய்தவர். 1000-க்கு 1000 புள்ளிகள் கொண்ட ஒரு வெள்ளைப் பலகை, 16 நிறங்கள், 72 மணி நேரம். ஒருவர் ஒரு தடவைக்கு ஒரு புள்ளிதான் வைக்கலாம். வைத்தபின் சில நிமிடம் காத்திருக்க வேண்டும். இந்தக் காத்திருப்பில்தான் சூட்சுமம் இருக்கிறது. தனி ஆளாக ஒரு பூவைக்கூட வரைந்து முடிக்க முடியாது, அதற்குள் மேலே வேறு ஒருவர் புள்ளி வைத்துவிடுவார். ஆகவே கூட்டுச் சேர வேண்டியிருந்தது, முறை போட்டுக் காவல் இருக்க வேண்டியிருந்தது, பக்கத்துக் கூட்டத்தோடு எல்லை பேச வேண்டியிருந்தது. பிரெஞ்சுக் கொடியை ஜெர்மன் கொடி விழுங்கப் பார்த்தது. தகராறு முற்றி, கடைசியில் இரண்டுக்கும் நடுவே ஐரோப்பிய ஒன்றியத்தின் கொடியும் ஒரு புறாவும் வந்து சேர்ந்தன. 10 லட்சத்துக்கும் அதிகமானவர்கள் புள்ளி வைத்தார்கள். 2022-ல் இதை மறுபடி நடத்தியபோது கடைசிக் கட்டத்தில் வெள்ளைப் புள்ளி மட்டுமே வைக்கலாம் என்று விதியை மாற்றிவிட்டார்கள். அத்தனை பாடுபட்டு வரைந்ததையெல்லாம் வரைந்தவர்களே வெள்ளையடித்து அழித்தார்கள்.

இதைக் கலை என்று ஒப்புக்கொள்ளாதவர்கள் உண்டு. ஒரு நிறுவனம் தன் பயனர்களை ஈர்க்கச் செய்த விளையாட்டு என்பார்கள். அதுவும் உண்மைதான். ஆனாலும் இத்தனை பேரை எல்லை பேச வைத்த படம் வேறு எங்கே இருக்கிறது?

கொடுப்பதும் வாங்குவதும்

'உறவாடுதல்' என்றதும் அன்பு, அரட்டை, நட்பு என்றே நினைக்கிறோம். இணையத்தில் உழைப்பும் கைமாறுகிறது, காசும் கைமாறுகிறது. ஆரன் கோப்ளின் 2006-ல் செய்த 'ஆட்டுச் சந்தை' அதைப் பற்றியது. அமேசானுக்கு மெக்கானிக்கல் டர்க் என்று ஒரு சேவை உண்டு. சின்னச் சின்ன வேலைகளை முகம் தெரியாத ஆட்களுக்குச் சில்லறைக் கூலிக்குப் பிரித்துக் கொடுக்கும் இடம். 18-ம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் சதுரங்கம் ஆடும் இயந்திரப் பொம்மை என்று ஊரையே நம்பவைத்து, உள்ளே ஓர் ஆளை ஒளித்துவைத்திருந்தார்கள். அந்தப் பொம்மையின் பெயர்தான் இது. கோப்ளின் அங்கே போட்ட வேலை: இடது பக்கம் பார்க்கும் ஆடு ஒன்றை வரையவும். கூலி 2 சென்ட். வந்து சேர்ந்தவை 10,000 ஆடுகள்.

பத்தாயிரத்தையும் ஒரே பரப்பில் சின்னச் சின்னதாக அடுக்கியிருப்பார். ஏதாவது ஒன்றைத் தொட்டால் அது பெரிதாகி, வரைந்தவரின் கை போன வழியிலேயே கோடு கோடாக மறுபடி வரையப்படும். முதலில் வயிறு, அப்புறம் கால், நடுவில் ஒரு தயக்கம், பிறகு காது. சிலர் 2 சென்ட்டுக்கு இதுவே அதிகம் என்பதுபோல நான்கு கோட்டில் முடித்திருக்கிறார்கள். சிலர் ரோமத்தைச் சுருள் சுருளாக, பொறுமையாகச் சுற்றிக்கொண்டே போகிறார்கள். அந்தக் காசுக்கு அவ்வளவு மெனக்கெட வேண்டிய தேவையே இல்லை. ஆனாலும் சுற்றுகிறார்கள். முழு ஆடுகளைவிட அந்தக் கை நகர்வதைப் பார்க்கும்போதுதான் எனக்குத் தொண்டை அடைக்கும். ஆடு எதற்காகக் கேட்கப்பட்டது என்று வரைந்தவர்களுக்குச் சொல்லப்படவில்லை. இது நியாயமா என்ற கேள்வியும் இந்தப் படைப்போடு சேர்ந்தே வருகிறது, சேர்ந்தே வர வேண்டும்.

இத்தாலியரான இவா, ஃபிராங்கோ மத்தெஸ் வேறொரு கோணத்தில் போனார்கள். 2000-லிருந்து 2003 வரை தங்கள் கணினியை அப்படியே உலகத்துக்குத் திறந்துவிட்டார்கள். கோப்புகள், மின்னஞ்சல்கள், வங்கிக் கணக்கு விவரம் உட்பட எதை வேண்டுமானாலும் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அப்போது அது பைத்தியக்காரத்தனமாகத் தெரிந்தது. மும்பைக் கலைஞர் ஷில்பா குப்தா 2003-ல் லண்டன் டேட் அருங்காட்சியகத்துக்காகச் செய்த இணையதளத்தில் நீங்கள் உங்கள் மதத்தைத் தேர்ந்தெடுத்து, திரை வழியாகவே ஆசி வாங்கிக்கொள்ளலாம். கோயில் அர்ச்சனையை ஆன்லைனில் பதிவு செய்யும் நமக்கு இன்று அது சாதாரணமாகப் படும். இந்தக் கலையில் இப்படி அடிக்கடி நடக்கிறது: விபரீதம் போல இருந்தது பதினைந்து வருடத்தில் எல்லோர் வீட்டிலும் நடக்கும்.

2014-ல் அமாலியா உல்மன் தன் இன்ஸ்டாகிராம் கணக்கில் சில மாதம் ஒரு பெண்ணின் வாழ்க்கையைப் படம் படமாகப் போட்டார். பெருநகரத்துக்கு வந்த பெண், அழகு அறுவை சிகிச்சை, உடைந்துபோவது, மீண்டு வருவது. பார்த்தவர்கள் நம்பினார்கள், திட்டினார்கள், ஆறுதல் சொன்னார்கள். முடிந்தபின்தான் எல்லாமே திட்டமிட்டு நடித்தது என்றார். படங்களோடு அந்தப் பின்னூட்டங்களையும் படித்தால்தான் படைப்பு முழுமையாகும்.

கூட்டம் சுடும்போது

வந்தவர்கள் செய்வதே படைப்பு என்றால், வந்தவர்கள் கொடூரமாக நடந்துகொண்டால்?

வஃபா பிலால் இராக்கில் பிறந்து அமெரிக்காவில் குடியேறியவர். 2004-ல் அவருடைய தம்பி இராக்கில் ஒரு குண்டுவீச்சில் இறந்தார். அமெரிக்காவில் உட்கார்ந்தபடியே இராக்கில் குண்டு போடும் ஒரு சிப்பாயின் தொலைக்காட்சிப் பேட்டியைப் பிறகு பார்த்த பிலால், 2007 மே மாதம் சிகாகோவில் ஒரு கலைக்கூட அறைக்குள் போய் ஒரு மாதம் அங்கேயே வாழ்ந்தார். அறையில் ஒரு கட்டில், ஒரு மேசை, ஒரு விளக்கு. எதிரே மஞ்சள் பெயின்ட் குண்டு சுடும் துப்பாக்கி. அதை இணையம் வழியாக உலகத்தில் யார் வேண்டுமானாலும் திருப்பலாம், சுடலாம்.

சுட்டார்கள். இரவும் பகலும், 100-க்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து, 60,000 தடவைக்கு மேல். சுவரும் படுக்கையும் மஞ்சளாகிப் பிசுபிசுத்தன. தூக்கம் கிடையாது. கூடவே வசைகளும் வந்தன. ஆனால் அதே இணையத்திலிருந்து இன்னொரு கூட்டமும் வந்தது. அவர்கள் ஒருவர் மாற்றி ஒருவராக முறை வைத்துக்கொண்டு, துப்பாக்கியை ஓயாமல் இடது பக்கமாகவே திருப்பிப் பிடித்துக்கொண்டிருந்தார்கள், குண்டு அவர்மேல் படாமல் இருக்க. யாரும் அவர்களைக் கேட்கவில்லை. சுடுவதற்கும் திருப்புவதற்கும் இருந்தது ஒரே திரை, ஒரே பொத்தான்கள். பிலால் எந்தப் பக்கத்தையும் எழுதி வைக்கவில்லை. இந்தக் கிளையில் ஒரே ஒரு படைப்பைத்தான் சொல்லலாம் என்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

ஆட்கள் போனபின்

ஓவியம் பழுதானால் வண்ணம் பூசிச் சரிசெய்யலாம். கூட்டம் கலைந்துபோன படைப்பை என்ன செய்வது?

ஜியோசிட்டீஸ் நினைவிருக்கிறதா? 1994-ல் தொடங்கி, சாதாரண மக்களுக்கு இலவசமாகப் பக்கம் கட்டிக்கொள்ள இடம் தந்த தளம். பேட்டைகளாகப் பிரித்து மனை கொடுப்பதுபோல, கணினிக்காரர்கள் ஒரு பேட்டை, சினிமா ரசிகர்கள் ஒரு பேட்டை என்று வைத்திருந்தார்கள். பக்கத்துக்குப் பக்கம் 'கட்டுமானப் பணி நடக்கிறது' என்ற படம், வந்து போனவர்கள் கையெழுத்திடும் விருந்தினர் ஏடு, மினுமினுக்கும் நட்சத்திரப் பின்னணி. யாஹூ அதை 1999-ல் வாங்கி, 2009 அக்டோபரில் இழுத்து மூடியது. மூடுவதற்குள் தன்னார்வலர்கள் சிலர் தங்களால் முடிந்த அளவு நகலெடுத்தார்கள். ஓலியா லியாலினா, டிராகன் எஸ்பென்ஷீட் என்ற இரண்டு கலைஞர்கள் அந்த நகலைத் தரவிறக்கி, பக்கம் பக்கமாகப் பழைய உலாவியில் தெரிந்தது போலவே படம் பிடித்து, 2013 முதல் ஒன்றன்பின் ஒன்றாக வெளியிட ஆரம்பித்தார்கள். 'கிலோபைட் யுகத்தின் ஒரு டெராபைட்' என்று அதற்குப் பெயர். தேர்ந்தெடுத்துப் போடவில்லை, வரிசையில் வருவது வருகிறது. செத்துப்போன நாய்க்குட்டிக்கு ஓர் அஞ்சலிப் பக்கம், அடுத்ததாகப் பாதியில் கைவிட்ட ஒரு பக்கம். நானும் அந்தக் காலத்தில் ஒரு பக்கம் கட்டினேன். அதன் நிறம்கூட ஞாபகம் இல்லை.

டேவிஸின் கூட்டு வாக்கியம் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்துக்கு 1995-ல் நன்கொடையாக வந்தது. காலப்போக்கில் அது வேலை செய்யாமல் போனது. வேறு பக்கங்களுக்குக் கொண்டுபோகும் சுட்டிகள் பெரும்பாலும் எங்கும் போகவில்லை, கொரிய மொழியில் இருந்த பகுதிகள் சிதைந்த குறிகளாகத் தெரிந்தன. டிஸ்கி, பாமினி என்ற அந்தக்கால எழுத்துரு முறைகளில் எழுதிய பழைய தமிழ்ப் பக்கத்தைப் புதுக் கணினியில் திறந்து பார்த்தவர்களுக்கு அந்த வேதனை புரியும். சரிசெய்தால் அது அன்றைய படைப்பு இல்லை, செய்யாவிட்டால் படிக்க முடியாது. விட்னி 2013-ல் இரண்டு வடிவங்களை வைத்தது. ஒன்றில் செத்த சுட்டிகள் செத்தபடியே இருக்கும். இன்னொன்றில் புதிதாக வருபவர்கள் வாக்கியத்தைத் தொடரலாம். நல்ல முடிவு என்றே நினைக்கிறேன்.

நீங்களே ஒன்று செய்து பார்க்க

தேடிப் பார்க்க விரும்புபவர்கள் ரைசோம் அமைப்பு 2016 முதல் தொகுத்து இலவசமாக வைத்திருக்கும் 100 இணையக் கலைப் படைப்புகளின் தொகுப்பிலிருந்து ஆரம்பிக்கலாம். ஆனால் பார்ப்பதைவிடச் செய்வது சீக்கிரம் புரியவைக்கும். அதற்கு ஏற்றது மிராண்டா ஜூலை, ஹாரல் ஃபிளெட்சர் இருவரும் 2002-லிருந்து 2009 வரை நடத்திய 'உன்னை இன்னும் அதிகமாக நேசிக்கக் கற்றல்'. பள்ளிக்கூட வீட்டுப்பாடம் போல வேலைகள் கொடுப்பார்கள். உங்கள் அப்பா அம்மா முத்தமிடுவதைப் படம் எடுங்கள். உடம்பில் உள்ள ஒரு தழும்பைப் படம் எடுத்து அதைப் பற்றி எழுதுங்கள். நடந்திருக்கக்கூடாதா என்று ஏங்கும் ஒரு தொலைபேசி உரையாடலை எழுதுங்கள். மொத்தம் 70 வேலைகள், கடைசி வேலை விடைபெறுவது. 8,000-க்கும் மேற்பட்டவர்கள் செய்து அனுப்பினார்கள்.

அதில் ஒன்று, கட்டிலுக்கு அடியில் ஃபிளாஷ் போட்டு ஒரு படம். போன வருடம் இதை எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். சுத்தம் செய்யாமல் எடுக்க வேண்டும் என்று ஒரு விதியை நானாகச் சேர்த்தேன். அரை நாள் யாரும் வாய் திறக்கவில்லை. அப்புறம் அத்தை மகள் ஒற்றைக் குழந்தைச் செருப்பும் ஒட்டடையுமாக ஒரு படம் போட்டாள். அத்தை, "இதைப் போய் யாராவது எடுப்பாங்களாடி" என்று கேட்டுவிட்டு, பத்து நிமிடத்தில் தன் டிரங்குப் பெட்டியை மூன்று கோணத்தில் அனுப்பினார்.

ராத்திரி சார்ஜாவிலிருந்து சித்தப்பா அனுப்பினார். அடுக்குக் கட்டிலின் கீழ்ப்படுக்கை. அதற்கடியில் ஒரு சூட்கேஸ், நான்கு ஜோடி பூட்ஸ், பாதி கட்டிவைத்த ஓர் அட்டைப்பெட்டி. "பெட்டி மட்டும்தான் என்னுது. மத்தது மேல்கட்டில்காரங்க சாமான்" என்று எழுதியிருந்தார். பதினோரு வருடமாக அங்கே இருக்கிறார். அவர் அறையை எங்களில் யாரும் அதுவரை பார்த்ததில்லை. பெட்டியில் என்ன என்று சித்தி கேட்டார். ஊருக்கு வர்றப்ப பார்த்துக்க என்றார். அதன் பிறகு கேள்விகள் விடிய விடிய போயின.

மறுநாள் காலை, வணக்கம் படங்களைத் தவிர வேறு எதையும் அனுப்பாத பெரியப்பா ஒரு படம் போட்டார். ஃபிளாஷ் வெளிச்சம் பளிச்சென்று அடித்த சிமெண்டுத் தரை, ஓரத்தில் சுருட்டிய கோரைப்பாயின் விளிம்பு. கீழே எழுதியிருந்தார்: "நான் கட்டில்ல படுக்கிறதில்ல. பாய்க்கு அடியில இதான் இருக்கு."